பெட்டிக்குள் இருந்த கோயில்

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், ஒரு கிழவர் வீட்டில் வேலை செய்தேன். இளமையில் மத்திய அமெரிக்கக் காடுகளில் அலைந்து, மாயா மக்களின் இடிந்த கோயில்களை வரைந்தவர். காய்ச்சலோடும் கொசுக்கடியோடும் மாதக்கணக்கில் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாராம். போருக்குத் தப்பி ஓடி வந்தவன் நான்; யாரும் துரத்தாமல் தானாகக் காட்டுக்குள் போன மனிதனை நான் அதுவரை கண்டதில்லை.

அவர் வரைந்தவற்றில் ஒரு சுவர் பின்னர் நிலநடுக்கத்தில் நொறுங்கிப் போயிற்று. வேறு யாரும் அதைப் படம் எடுத்திருக்கவில்லை. அதன் பறவைத் தலைகளும் படிகளும் அவருடைய கட்டிலின் கீழிருந்த தகரப்பெட்டியில், பதினொரு தாள்களில் மட்டுமே மிஞ்சியிருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் அவற்றை வெளியே எடுத்துக் காற்றாட விடுவது என் வேலை. அவருக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணில் பூதக்கண்ணாடி வைத்தால் கொஞ்சம் தெரியும். கதிரையில் இருந்தபடியே கேட்பார். இத்தாலியனில்தான் கேட்டார், என் காதில் எங்கள் தமிழாகவே நிற்கிறது:

"எல்லாம் நல்லாய் இருக்குதோ?"

ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாவது தாளின் ஓரத்தில் பூச்சி அரித்த துளைகளைக் கண்டேன். அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்த மச்சானிடம் ஓடினேன்.

"விசரே உனக்கு? வாயைத் திறவாதை. கண்டனெண்டு சொன்னால் நீதான் பழுதாக்கினதெண்டு சொல்லுவினம். பேந்து ஆர் உனக்குப் பெர்மெசோவுக்குக் கடிதம் தாறது?"

வீட்டுவேலை செய்த எங்கள் ஆட்கள் எல்லோரும் அங்கே முதலில் படித்த பாடம் அது. முதலாளியின் கடிதம் இல்லாவிட்டால் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி கிடையாது. "நல்லாய் இருக்கு, சிஞ்ஞோரே" என்றேன். துளைகள் கிழமைக்குக் கிழமை பெருகின. பெர்மெசோ கையில் கிடைத்த பிறகும் நான் சொல்லவில்லை. இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது? கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

இரண்டு வருடத்தில் அவருடைய மற்றக் கண்ணும் போனது. அதன் பிறகுதான் தாள்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தார். அங்கிருந்து வந்த பெண்மணி பெட்டியைத் திறந்தாள். ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். அவளுடைய மௌனத்தில் கிழவருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். கையை நீட்டித் தாளைத் தடவினார். விரல் பட்ட இடம் உதிர்ந்தது.

"கண் தெரியேக்கை அறிஞ்சிருந்தால் திருப்பிக் கீறியிருப்பன்," என்றார். "அளவெல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இத்தனை வருடம் இது என்னை அரித்திருக்காது. அவர் அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பினார்.

"இவனைக் குறை நினைக்காதேங்கோ. ஒரு வெள்ளி தவறாமல் பாத்தவன். போன கிழமை வரைக்கும் நல்லாய்த்தான் இருந்தது." பிறகு நான் வழக்கமாக நிற்கும் பக்கமாக முகத்தைத் தூக்கிக் கேட்டார்: "அப்பிடித்தானே?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், சிஞ்ஞோரே," என்றேன்.