பெயர்ப் பலகைக்குக் கற்பூரம்

"பைத்தியத்துகிட்ட பேசுறதுக்கு ஒரு படிப்பா? உங்க அப்பன்கிட்ட நான் தெனமும் சும்மாதான பேசிக்கினு இருக்கன்!"

நான் பி.எஸ்சி. சைக்காலஜியில் சேர்ந்த அன்று என் பெரியப்பா சொன்னது. அவரும் அப்பாவும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரே படகின் பங்காளிகள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்குப் பெரியப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எம்.எஸ்சி. முடித்த பிறகும் தெரியவில்லை. இப்போது இந்தத் துறையில் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தெளிவாக எழுத முடியுமா என்று சந்தேகம்தான்.

1. நான்கு பக்கமும் வழி

கடைசி செமஸ்டரில் வகுப்பே குழம்பிக் கிடந்தது. ஒருத்தி சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு எச்.ஆர். வேலைக்குப் போனாள். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் ஆனாள். டீச்சர் யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பில் போய் உட்காருவதுதான் அவளுக்குப் பாதி வேலை. இன்னொருத்தி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று நெட் தேர்வுக்குப் படித்தாள். அவளோடு ஒரே அறையில் இருந்தவள் பேங்க் எக்ஸாமுக்குப் படித்தாள். எல்லாரும் தங்கள் வழிதான் சரி என்றார்கள். கேட்கும்போது எனக்கும் எல்லாமே சரி என்றுதான் பட்டது.

எங்கள் மேடம் மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு பேர் போட்டுக்க எம்.எஸ்சி. பத்தாது. உரிமம் கெடைக்கிற மேற்படிப்பு தனி. சீட்டு கம்மி. விதியும் மாறிக்கிட்டே இருக்கு, அப்பப்ப விசாரிச்சுக்குங்க."

நானும் ஒரு எச்.ஆர். இன்டர்வியூவுக்குப் போனேன். அங்கிருந்த மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பையனைக் காட்டினார். "நீங்க சைக்காலஜிதான? இவன் ஒரு வருஷம் தாங்குவானா, மூஞ்சிய பாத்து சொல்லுங்க."

"மூஞ்சிய பாத்து சொல்ல முடியாது சார்."

"அப்ப அஞ்சு வருஷமா என்னதான் படிச்சீங்க?"

வேலை கிடைக்கவில்லை. கடைசியில் உப்பளத்தில் ஒரு தனியார் கவுன்சலிங் சென்டரில் சேர்ந்தேன். வருகிறவர்களிடம் கேஸ் ஹிஸ்டரி எடுப்பது என் வேலை. என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து, வீட்டில் யார் யார் என்று பொறுமையாகக் கேட்டு எழுத வேண்டும். அது எனக்கு நன்றாக வந்தது.

2. பூசணிக்காய்

ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனால் வாசலில் கூட்டம். புதிதாக ஒரு போர்டு. அதில் என் பெயர், பெயருக்குக் கீழே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்'. போர்டுக்கு முன்னால் என் அப்பா.

சென்டர் நடத்துகிற சார் போட்டோ எடுத்து முதல் நாளே அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார். புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும்போது, அதில் எழுதிய பெயருக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைப்பது எங்கள் வழக்கம். அப்படிச் செய்த பெயரை அதற்கப்புறம் யாரும் அழிக்க மாட்டார்கள், ஆகாது என்பார்கள். அப்பா என் போர்டுக்கு அத்தனையும் செய்து முடித்திருந்தார். ரோடெல்லாம் பூசணிக்காய்.

"டாக்டரு வந்துட்டாங்க, வழி விடுங்கப்பா!" என்று சத்தம் போட்டார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. உள்ளே போய் சாரிடம், "சார், அது நான் இல்ல" என்றேன்.

"பேரு உன்னுதுதானம்மா?"

"பேரு என்னுது. கீழ எழுதியிருக்கறது என்னுது இல்ல."

"ஊர்ல பாதிப் பேரு இப்பிடித்தான் போடறாங்க. யாரு வந்து கேக்கப் போறா? அப்பா எவ்ளோ சந்தோஷமா இருக்காரு பாரு."

வாசலில் அப்பா வந்தவர்களுக்கெல்லாம் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

3. கையெழுத்து

திங்கட்கிழமை போர்டைப் பார்த்துவிட்டு நூர்ஜஹான் அக்கா வந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். கூட அவர் மகள் ஷபானா, பத்தாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாப் பாடமும் சொல்கிறாள், புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறுகிறாள். சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று ஸ்கூலில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

சார் உடனே ஒரு ரிப்போர்ட் டைப் அடித்து என் மேஜையில் வைத்தார். புத்திக் கூர்மை சராசரிக்கும் ரொம்பக் கீழே என்று இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"டெஸ்ட்டே பண்ணாம புத்தி கம்மின்னு எப்பிடி எழுதறது சார்?"

"டெஸ்ட்ட எடுத்து உக்காந்தா ரெண்டு நாள் போவும். இப்பிடி எழுதினாதான் சட்டுனு டைம் குடுப்பான். அந்தப் பொண்ணுக்கு நல்லதுதான நடக்குது?"

என்னை நிஜமாகவே குழப்பியது இந்தக் கேள்விதான். நல்லதுதானே? நான் போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள். பேனாவை எடுக்கக்கூட எடுத்தேன்.

எதிரில் இருந்த ஷபானா மெதுவாகக் கேட்டாள். "நான் மக்குன்னா போட்டிருக்கு அக்கா? பரவால்ல, போட்டுக்குங்க. டைம் குடுத்தா போதும்."

பேனாவைக் கீழே வைத்தேன். "இதுல கையெழுத்துப் போடுற உரிமம் எனக்கு இல்லக்கா. போட்டா செல்லாது, பொய்யும்கூட. ஜி.எச்.சுக்குப் போலாம், நானே கூட வரன்."

"நம்ம பக்கத்துப் பொண்ணுன்னு நம்பி வந்தன்" என்று நூர்ஜஹான் அக்கா எழுந்துவிட்டார். "ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ பிகுவா? அப்ப வெளிய எதுக்கு அம்மாம் பெரிய போர்டு?"

சாரிடம் போர்டை எடுக்கச் சொன்னேன். போர்டு போனால் வேலையும் போகும் என்றார். சரி என்றேன். ஆனாலும் அவர் போர்டைத் தொடவில்லை. "கற்பூரம் காட்டினதும்மா. நான் கை வெக்க மாட்டன். உங்க அப்பாவையே கூப்பிடு."

அப்பா வந்தார்.

"சூடம் காட்டினத எடுக்கக் கூடாது பாப்பா."

"அதுல இருக்கறது பொய்ப்பா."

"அப்ப நீ டாக்டரு இல்லியா?"

"இல்லப்பா. டாக்டரும் இல்ல, அதுல போட்டிருக்கறதும் இல்ல."

"பின்ன என்னாதான் நீ?"

"சைக்காலஜி படிச்சவ. இந்த வேலைக்கு லைசென்சு வேணும், இன்னும் வாங்கல."

"லைசென்சு வாங்கிக்கினா உங்க பெரியப்பன் இஞ்சின் ஓட்டுறான்?" என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, மாலையோடு போர்டைக் கழற்றி, துண்டால் மூடி வண்டியில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நூர்ஜஹான் அக்கா வீட்டுக்கு நானே போனேன். முதலில் கதவருகிலேயே நிற்க வைத்துப் பேசினார். பிறகு மகளோடு ஜி.எச்.சுக்கு வந்தார். அங்கே உரிமம் உள்ள உளவியலாளர் இரண்டு காலை வேளைகள் ஷபானாவை உட்கார வைத்து முறையாக டெஸ்ட் செய்தார். புத்தியில் ஒரு குறையும் இல்லை, வாசிப்பதில்தான் சிரமம், அதற்கே கூடுதல் நேரம் கேட்கலாம், பயிற்சியும் உண்டு என்றார். அக்கா வெளியே வந்து ஆட்டோக்காரர் முதற்கொண்டு எல்லாரிடமும், "எம் பொண்ணு மக்கு இல்லியாம்!" என்று சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் போட்டிருந்தால் அந்தப் பெண் மக்கு என்பது என் கையெழுத்தோடு காலத்துக்கும் இருந்திருக்கும்.

தங்கைகளே, எந்த வழி நல்ல வழி என்று எனக்கு இன்னும் தெரியாது. எச்.ஆர். தோழி சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். வேலையில் சேரும் முன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: யாருக்குக் கீழே வேலை, எந்தப் பெயரில், எந்தத் தாளில் உங்கள் கையெழுத்து. சம்பளத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உரிமம் தரும் படிப்புக்கு இடம் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய் நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வந்தேன்.