விகடகவியைத் திருப்பிய நாள்

கப்பலில் கட்டுக்கயிறு அறுந்து அடித்ததில் என் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. மருத்துவச் சோதனையில், இனி கப்பலுக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள். தூத்துக்குடியில் வீட்டோடு கிடந்து குடித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மச்சினன் வந்து, தன் பழைய லேப்டாப்பை என் முன்னால் வைத்தான்.

"அத்தான், ஹாஸ்கெல்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி, அதப் படிங்க. அது தெரிஞ்ச ஆளு கெடைக்காம அலையுதாவ. எங்க ஆபீஸ்லயே சேத்துவிடுதேன்."

நம்பினேன். மிச்ச விரல்களால் தட்டிப் பழகினேன். பட்டியலின் தலையை, அதாவது முதலில் இருப்பதை, எடு; மீதியை மறுபடி அதே ஃபங்ஷனிடம், அதே கட்டளையிடம், கொடு; பட்டியல் காலியானால் நிறுத்து. கூட்டுவதும் வடிகட்டுவதும் திருப்புவதும் இந்த வழியில்தான். ஒரு சொல் திருப்பிப் போட்டாலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் பயிற்சி ஒன்று. ஆங்கிலச் சொற்களுக்குச் சரியாகச் சொன்னது. 'விகடகவி' கொடுத்தேன். இல்லை என்றது. கம்ப்யூட்டருக்கு 'வி' ஓர் எழுத்தல்ல. வகரம் தனி, மேலே உள்ள கொக்கி தனி. திருப்பும்போது கொக்கி பக்கத்து எழுத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. எழுத்தையும் கொக்கியையும் முதலில் சேர்த்துக் கட்டிவிட்டு, அப்புறம் திருப்பினேன். ஆமாம் என்றது. கரைக்கு வந்தபின் அன்றுதான் சத்தமாகச் சிரித்தேன்.

உடனே போன் போட்டேன். "மாப்ள, நான் ரெடி. எப்ப வரணும்?"

அவன் மெல்ல, "அத்தான்... எங்க ஆபீஸ்ல அத யாரும் தொடுததில்ல. இந்த வயசுல புதுசா எடுக்கவும் மாட்டாவ. நீங்க மனசு விட்டுரக் கூடாதேன்னு சொன்னது."

அடுக்களைக்குப் போய், "உனக்குத் தெரியுமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

மீனை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "தெரியும். குடிக்காம ஒரு எடத்துல உக்காந்திருந்திய. எனக்கு அது போதும்."

அழுகிற பிள்ளை கையில் போனைக் கொடுத்து அடக்குவார்களே, அப்படி என்னை அடக்கியிருந்தார்கள்.

இப்போது தூத்துக்குடிக்கு வெளியே உள்ள புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட்டைத் திறந்து மூடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்த மச்சினன் எல்லார் முன்னாலும் சாப்பாட்டில் வைத்துக் கேட்டான்: "நான் சொன்னதாலதான அத்தான் குடிய விட்டிய?"

மனைவி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நான் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.