கட்டைச்சியின் காலில் ஆணி

"தொப்." விடியும்போது வருகிற சத்தம் அது. ஈரமாவைக் கல்லில் போட்டதுபோல் இருக்கும். அதற்கு முன் சிறகடிக்கும் சத்தங்கள் வரும். அவை வெள்ளைக் கோழிகள். கடைசியாக வருவதில் சிறகுச் சத்தம் இருக்காது. அது கட்டைச்சி. அது கூட்டிலிருந்து குதித்துவிட்டால் நானும் பாயைச் சுருட்டவேண்டும்.

ஊர்காவற்றுறைக் கரையில் எங்கள் வளவு. இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது கிணறும் அரைச்சுவரும்தான் மிச்சம் இருந்தன. அப்பா வள்ளம் திருத்துகிறவர். முதலில் வளர்த்த கோழிகளைக் கீரி கொண்டுபோய்விட்டது. அப்பாவுக்கு அது பெரிய அவமானம். பழைய வள்ளப் பலகைகளை எடுத்து, பனங்கட்டைகளை நட்டு, அவற்றின்மேல் என் தலைக்கும் மேலாக ஒரு கூடு அடித்தார். கீரிக்கு எட்டவில்லை. அம்மாவுக்கும் எட்டவில்லை. அம்மா ஏறி நின்று முட்டை எடுப்பதற்காகக் கூட்டு வாசலின் கீழே ஒரு தட்டைக் கல்லை அப்பா கொண்டுவந்து போட்டார்.

கட்டைச்சியைப் பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியில் போட்டுத் தந்தவர். கால் கட்டை, உடம்பு பாரம். முட்டை குறைவு. ஆனால் அடை கிடப்பது அது ஒன்றுதான். வெள்ளைக் கோழிகள் முட்டையை இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். குஞ்சு வேண்டுமென்றால் கட்டைச்சி வேண்டும்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் அது ஒற்றைக் காலில் நின்றது. அம்மா பிடித்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாதம் வீங்கிச் சூடாக இருந்தது. நடுவில் புளியங்கொட்டை நிறத்தில் ஒரு பொருக்கு.

"இஞ்சாருங்கோ, கோழிக்குக் காலில ஆணி."

அப்பா வள்ளத்துக்குக் கீழே படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். "என்ர ஆணியோ? நான் ஒரு ஆணியும் நிலத்தில விடுறேல்லை."

"உங்கட ஆணி எண்டு நான் சொன்னனானோ?"

"பின்னை ஆற்ற ஆணி?"

அம்மா கோழியைக் கீழே விட்டுவிட்டு உள்ளே போனார். அந்த வளவில் ஆணி மிதிக்காத ஆள் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா தேடட்டும் என்று அம்மா விட்டுவிட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நானும் இரும்பாணி என்றே நம்பினேன். அவ்வளவு பெரிய வள்ள ஆணி அவ்வளவு சின்னக் காலுக்குள் எப்படிப் போய்ப் படுத்தது என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா உடைந்த ரேடியோவின் காந்தத்தைக் கழற்றி, நைலோன் நூலில் கட்டி, வளவு முழுவதும் இழுத்துக்கொண்டு திரிந்தார். நான் தகரப் பேணியோடு பின்னால் போனேன். வள்ள ஆணிகள், சோடா மூடிகள், ஒரு கதவுப் பிணைச்சல், சண்டைக்காலத்துச் செல் துண்டுகள் இரண்டு வந்தன. செல் துண்டுகளை மட்டும் என்னைத் தொடவிடவில்லை.

பின்னேரம் அம்மா இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்பைக் கரைத்தார். அப்பா உடுத்திக் கழித்த பழைய சாரத்தால் கட்டைச்சியைத் தலையோடு சுற்றி என் மடியில் வைத்தார். கண் மறைந்தால் கோழி அடங்கிவிடும். கால் மட்டும் வெளியே. அந்தக் காலைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு இருந்தோம். பொருக்கு ஊறுமட்டும் அம்மா அதில் கைவைக்கவில்லை. ஊறியதும் மெல்லக் கிளப்பி, இரண்டு பக்கமும் அமத்தினார். ஏதோ வெளியே வந்தது. நான் குனிந்து தேடினேன்.

"ஆணி எங்கையம்மா?"

"உதுதான்."

காய்ந்த சோற்றுப் பருக்கைபோல மஞ்சளாய், கட்டியாய் இருந்தது. அதில் இரும்பு இல்லை. அப்பாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

"உதுக்கே நான் வளவு முழுக்க உழுதனான்?"

"வளவு துப்புரவாப் போச்சுதெல்லே" என்றார் அம்மா.

குழியைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்து, பழந்துணிக் கீலத்தை விரல்களுக்கு இடையால் சுற்றிக் கட்டினார். துடைத்த துணியை அடுப்பில் எரித்தார். என் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லி, கழுவியதை மணந்தும் பார்த்தார். கட்டைச்சியைக் கரப்பின் கீழே விட்டோம். கரப்பு என்றால் கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடை. ஈரம் படக்கூடாது என்று, வள்ளக் கொட்டிலில் காய்ந்து கிடந்த சாதாளையை, கடல் ஒதுக்கிவிட்டுப் போகிற புல்லை, அள்ளிப் பரப்பினோம். கட்டு மாற்றி மாற்றி, கால் ஆறியது. கட்டைச்சி கூட்டுக்குத் திரும்பியது. காலையில் "தொப்" கேட்டது. எல்லாருக்கும் சந்தோஷம்.

கொஞ்ச நாளில் மற்றக் காலில் ஆணி வந்தது. அதையும் எடுத்தோம். பிறகு பழைய காலில் திரும்பவும்.

"நத்தாருக்குச் சட்டிக்குள்ளை போடும்" என்றார் அப்பா. "நொண்டிக்கொண்டு நிண்டு என்ன காணப்போகுது?"

"அடை கிடக்க வேறை ஆர் இருக்கினம்? நீர் கிடப்பீரோ எண்டு கோழி கேக்குது."

அம்மா அப்பாவை நீங்கள் என்னாமல் நீர் என்றது அந்த ஒரு தரம்தான். அதுவும் கோழியின் பேரில்.

நத்தார், கிறிஸ்மஸ் திருநாள், கிட்ட வந்துகொண்டிருந்தது. அப்பா சொன்னால் செய்கிறவர். எனக்கு ஒரு கேள்விதான் தலைக்குள் நின்றது. ஏன் கட்டைச்சிக்கு மட்டும்? அதே வளவு, அதே தீன், அதே மழை. வெள்ளைக் கோழிகளின் கால் எல்லாம் சுத்தம். பக்கத்து வளவு றோசக்காவின் கோழிகள் கட்டைச்சியைவிடப் பாரம். அவற்றின் கால்களைப் பார்க்கப் போனேன். ஒன்றைப் பிடித்துத் திருப்பும்போது றோசக்கா கண்டுவிட்டார்.

"என்னடி, என்ர கோழியின்ர காலைப் பாத்து என்ன செய்யப்போறாய்? சப்பாத்துத் தைக்கப்போறியோ?"

"உங்கட கோழியளுக்கு ஏன் ஆணி வாறேல்லை அக்கா?"

"அதுகள் பூசைக்கு ஒழுங்காப் போகுதுகள்."

அவற்றின் பாதம் மெத்தென்று இருந்தது. அவை படுப்பது மணலில் கவிழ்த்துக் கிடந்த ஓட்டை வள்ளத்தின்மேல். அதை நான் பார்த்தேன். பார்த்தும் புத்தியில் ஒன்றும் ஓடவில்லை.

அடுத்த காலை எழும்பிப் போய்க் கூட்டுக்கு எதிரே குந்தியிருந்தேன். வெள்ளைக் கோழிகள் சிறகடித்துத் தூரத்தில் இறங்கின. கட்டைச்சி வாசலில் நின்று யோசித்தது. பிறகு நேரே கீழே, கல்லின்மேல் விழுந்தது. விழுந்த இடத்திலேயே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அது எப்படி இருக்கும் என்று எனக்கு அறியவேண்டியிருந்தது. கட்டையில் ஏறி, கூட்டு விளிம்பைப் பிடித்து, அதே கல்லில் வெறுங்காலோடு குதித்தேன். குதிக்காலிலிருந்து பல்லுவரை வலி ஏறியது.

அம்மா அகப்பையோடு ஓடிவந்தார். "குரங்கே, உனக்கும் காலில ஆணி வரப்போகுது."

சொன்னவர் நின்றார். என்னைப் பார்த்தார். கட்டைச்சியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ. உந்தக் கல்லைப் பிரட்டுங்கோ."

அப்பா கல்லைப் பிரட்டினார். கூட்டைக் கீழே இறக்கிப் பதிக்க மாட்டேன் என்றார். "கீரிக்கு நான் கதிரை போட்டுக் குடுக்கேலாது." கொஞ்ச நேரம் கூட்டைச் சுற்றி நடந்தார். பிறகு கொட்டிலுக்குள் போய், வள்ளத்தில் ஏற வைக்கிற பலகை ஒன்றை எடுத்துவந்தார். குறுக்கே சலாகைகள் அடித்துக் கூட்டு வாசலில் சரிவாகச் சாத்தினார். இரவில் அதை எடுத்துவிடலாம். கல் கிடந்த இடத்தில் நான் சாதாளை பரப்பினேன்.

மூன்றாம் தரம் கால் ஆறியபின் கட்டைச்சி அந்தப் பலகையில் இறங்கியது. நயினாதீவு வள்ளத்தால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குகிற ஆச்சிமாரைப்போல, ஒவ்வொரு சலாகையிலும் நின்று பார்த்து இறங்கியது. அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். நத்தாருக்குப் பாரை மீன் கொண்டுவந்தார். தைமாதம் கட்டைச்சி அடை கிடந்தது.

இப்போதும் அதே வளவில் கோழி வளர்க்கிறேன். தீன் போடும்போது கால்களைத் திருப்பிப் பார்ப்பேன். சின்னப் பொருக்கு என்றால் உப்புத் தண்ணீர். வீக்கம் மேலே ஏறினால் நான் தோண்டுவதில்லை, மிருக வைத்தியரிடம் கொண்டுபோவேன். சாதாளை நனைந்தால் மாற்றிவிடுவேன். வேறு வித்தை ஒன்றும் இல்லை. றோசக்கா கனடாவிலிருந்து போன் எடுத்தால், "கோழியள் சப்பாத்துப் போட்டிட்டுதுகளோ?" என்றுதான் தொடங்குவார்.

அப்பா இல்லை. கரையில் இப்போது எல்லாம் பைபர் வள்ளம். வளவில் காந்தத்தை இழுத்தாலும் ஆணி வராது. கோழிகளின் காலிலும் ஆணி இல்லை. பலகையால் சத்தம் போடாமல் இறங்கிப் போகின்றன. எழுப்ப ஆளில்லாமல் நான் சிலநாள் வெயில் ஏறுமட்டும் படுத்துவிடுகிறேன்.