ஒன்றுக்கொன்று அம்மாவான இரண்டு லாட்டுகள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாரும் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். நான் ஜோலார்பேட்டையில் எதிர்ப்பக்க ரயிலேறி ஆம்பூரில் இறங்கினேன். ஷூ கம்பெனியில் ட்ரெயினி. வெளிநாட்டு பையர் வருவதற்குள் நான் எழுதும் வெப் பக்கம் ஓடினால் பர்மனென்ட், இல்லையென்றால் வேலையைச் சென்னைக்காரனிடம் கொடுத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஒன்றாகக் கட்டிய தோல் அடுக்குக்கு லாட் என்று பெயர்; பையர் ஒரு லாட்டின் நம்பரைத் தட்டினால், அது எந்த லாட்டிலிருந்து வந்தது என்று பக்கம் காட்ட வேண்டும். அந்த அம்மா லாட்டுக்கு அம்மா யார் என்று தேட என் ஸ்கிரிப்ட் தன்னையே மறுபடி கூப்பிடும். மேலே அம்மா இல்லாத இடத்தில் நின்றுவிடும்.

சில லாட்டுகளுக்கு நிற்கவில்லை, சனியன். திரை வெள்ளையாகிவிடும். அதே நேரம் கேட்டில் வருகை பதியும் பஞ்ச் மெஷினும் செத்துவிடும். ஷிஃப்டு முடிந்த பெண்கள் கார்டும் கையுமாக நின்று எல்லாரையும் திட்டுவார்கள். இரண்டும் ஒரே சர்வரில் ஓடுவதை எனக்கு ஒரு புண்ணியவானும் சொல்லவில்லை. வாட்ச்மேன் மெஷினுக்குள் எலி பூந்திருக்கிறதென்று பொறி வைத்தார், மசால்வடையோடு.

கடைசியில், போகிற வழியை எல்லாம் ஸ்கிரிப்டையே எழுதிக் காட்ட வைத்தேன். முதல் தர லாட்டுக்கு அம்மா இரண்டாம் தர லாட். அதற்கு அம்மா, மறுபடி அந்த முதல் தரம். கடுப்போடு கிரேடிங் ஹாலுக்கு இறங்கினேன்.

"இன்னா பாய் இது, அதுக்கு இது அம்மா, இதுக்கு அது அம்மா?"

தோலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பாய் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இதுல கம்மியானா அதுலேர்ந்து போடுவோம். அதுல கம்மியானா இதுலேர்ந்து. எப்பவும் நடக்கறதுதானே, இதுக்கு போய் பேஜார் பண்றியே."

ஒருமுறை பார்த்த லாட்டை மறுபடி பார்த்தால் நின்றுவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். பக்கம் பறந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் தரம் என்று பையரிடம் சொல்லி ஷூ தைக்கிற தோலுக்குள் எவ்வளவு இரண்டாம் தரம் என்று பளிச்சென்று வந்து நின்றது. அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முன்னாடி வெள்ளையா தொங்கிட்டிருந்துச்சேம்மா," என்றார், "அத திருப்பி கொண்டாந்துட முடியுமா?"

பர்மனென்ட் அவர் கையில். அந்த வரியை எடுத்தேன்.

பையர் வந்தார், ஒரு லாட் நம்பரைத் தட்டினார், திரை வெள்ளையானது. மேனேஜர் லைன் ப்ராப்ளம் என்றார். ஜன்னலுக்கு வெளியே கேட்டில் பெண்கள் நெரிசல். என்ன கூட்டம் என்று பையர் கேட்டார். உங்களை வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்றார் மேனேஜர், கூசாமல். அந்த மனுஷன் உருகிப்போய்க் கையாட்டினார்.

எனக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்தது. பக்கத்தை ஓட வைத்ததற்காகக் கொடுத்தார்கள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் திருத்தவில்லை.