கிருமி சாஸ்திரத்துக்கு ஆள் தேடினேன்

வாத்தியார் வேலைக்கு வந்தவன் தலையிலேயே வாத்தியார் தேடுகிற வேலையையும் கட்டுவார்கள் என்பது, கல்லூரியில் காலம் தள்ளிய உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்களுடையது பையன்களுக்குப் பாடம் சொல்ல மட்டுமே இருந்த சின்னக் கல்லூரி. இயற்கை விஞ்ஞானத்துக்கு நான் ஒருவன்தான். கிருமிகளைப் பற்றியும் பாடம் உண்டு என்றானதும் இன்னொருவர் தேவைப்பட்டார். கல்லூரிக் கமிட்டித் தலைவரோ சாரல் காலத்தில் குற்றாலத்துப் பங்களாவை விட்டு நகர மாட்டார். அதனால் நேர்முகத் தேர்வும் அங்கேதான். வருகிறவர்களைத் தென்காசி ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில் கூட்டிப்போவது என் பொறுப்பு.

விளம்பரம் பார்த்து வந்தவர்

“கிருமி சாஸ்திரம் தெரிந்தவர் தேவை” என்று பத்திரிகையில் போட்டிருந்தோம். முதலில் வந்தவர் கீழப்பாவூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். காலரா வந்த ஊர்களில் கிணறு கிணறாக மருந்து போட்டவர். கமிட்டியார் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மாமனார் தெருக் கிணற்றுக்கும் மருந்து போட்டவர் அவர்தான். அந்த வருஷம் அந்தத் தெருவில் ஒரு சாவுகூட இல்லை. காப்பி கொடுத்து உட்காரவைத்து, பையன்களுக்குக் கிருமியை வளர்த்துக் காட்ட வேண்டும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

“நீங்க வளக்கச் சொல்லுதிய அண்ணாச்சி. நான் கொன்னே பழகிட்டேன்.”

பதக்கக்காரர்

அடுத்தவர் மதராஸிலிருந்து வந்தார். தங்கப் பதக்கம் வாங்கியவர். ஆராய்ச்சிக்கு எத்தனை அறை என்று வண்டியிலேயே கேட்டார். ஒரு மைக்ராஸ்கோப்பும் அறுபது பையன்களும் இருப்பதாக உண்மையைச் சொன்னேன். கோபப்படவில்லை. தேர்வுக்கு வராமல் நேரே அருவிக்குப் போய் இரண்டு மணி நேரம் குளித்தார். திரும்பக் கூட்டிப்போய் ரயிலேற்றிவிட்டேன்.

“பிரமாதமான அருவி சார். காலேஜையும் இங்கேயே கட்டியிருந்தா யோசிச்சிருப்பேன்.”

உடைந்த கண்ணாடி

மூன்றாவதாக வந்தவர் செங்கோட்டை பகவதியம்மாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைச் சாலையில் வேலை பார்த்தவர். பையன்கள் படிக்கிற இடத்தில் பெண்ணா என்று கமிட்டியில் முணுமுணுப்பு. அவர் பங்களாத் தயிரிலிருந்து ஒரு துளி எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, நீலச் சாயம் ஏற்றி, கல்லூரியிலிருந்து நான் கொண்டுபோயிருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தார். “சார்வாள், நீரு பாத்துச் சொல்லும்” என்றார் தலைவர்.

 ஒரு வருஷமாகவே என் கண்ணில் புகை படர்ந்திருந்தது. வேலை போய்விடுமே என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. குனிந்து மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருகினேன், ஒன்றும் தெரியவில்லை. இன்னும் திருகினேன். குழல் இறங்கி, சடக்கென்று சில்லு விரிசல் விட்டது. அந்த அம்மாள் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு கமிட்டியைப் பார்த்து, “சில்லு பழசு, கீறிட்டு. வேற வைக்கேன்” என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் என் அபிப்பிராயம் கேட்டார். ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் குட்டு வெளிப்படாது. மறைத்து என்ன, நானும் அதை நினைத்தேன். ஆனால் என்னைக் காப்பாற்றிய அந்த அம்மாள் வெளியே வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார். சில்லை உடைத்தவன் நான், எனக்குக் கண் தெரியவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தலைவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“கண்ணு தெரியாத உம்மையே வச்சிருக்கோம். தெரிஞ்சவுகளச் சேக்கதுக்கு என்னவே யோசன?”

அறுபது பேர்

பகவதியம்மாள் சேர்ந்தார். செய்முறை வகுப்பு முழுவதையும் அவரே ஏற்றுக்கொண்டார். நான் வாயால் பாடம் நடத்தினேன். முதல் வாரம் யாரோ பலகையில் அவரைப் பற்றி எதையோ கிறுக்கி வைத்தார்கள். அதைத் துடைத்துவிட்டு, விரலில் சாக்குப்பொடி ஒட்டியிருந்தவனின் நகத்து அழுக்கை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். அப்புறம் யாரும் கிறுக்கவில்லை.

மறு வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கனத்த கண்ணாடியோடு கல்லூரிக்கு வந்தேன். பகவதியம்மாள் தயிர் தடவிய சில்லு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் எடுத்து வைத்தார். குனிந்தேன். நீலமணி கோத்ததுபோல் சரம் சரமாகக் கிருமிகள். கண் கலங்கிவிட்டது, நிமிர மனமில்லை.

“சார், போதும். பின்னால அறுபது பேரு நிக்காங்க.”

ஆள் தேடப் புறப்படும் சக வாத்தியார்களே, உங்களைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் அகப்பட்டால் அந்த நிமிஷமே சேர்த்துக்கொள்ளுங்கள், என்னைப்போல் சாப்பாடு முடியும்வரை யோசிக்காதீர்கள்.