தனசேகர் குடித்த மறுநாள்

அவன் மறுபடியும் குடிக்க வேண்டுமென்று நான் விரும்பினேன். ஆம், நான்தான்! குடியை விட்டு ஆறு ஆண்டுகளான நான்... விழுப்புரத்தில் பலரைக் கைதூக்கி விட்டவன் என்று பெயர் வாங்கிய நான்.

குடியை விட்டவர்கள் வாரந்தோறும் கூடும் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெளிந்தவன் இன்னொருவனுக்குத் துணை நிற்க வேண்டும். அவனைக் காப்பதில்தான் தன் தெளிவும் நிலைக்கும். உண்மைதான். நானும் அப்படித்தான் பிழைத்தேன்.

தனசேகர் திண்டிவனத்தில் லோடு ஆட்டோ ஓட்டியவன். மருத்துவமனையில் கை நடுங்கக் கிடந்தவனை என் பொறுப்பில் விட்டார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு, சாராயக்கடை அவனை இழுக்கும் நேரத்தில், போன் செய்வான்.

"இன்னிக்கும் தொடலண்ணா."

பிறகு அரைமணி நேரம் பேசுவோம். மனைவி பிரிந்துபோன என் ஒற்றை அறையில் ஒலித்த ஒரே மனிதக் குரல் அது. உங்களுக்குப் புரிகிறதா? அவனுக்கு நான் துணை என்று எல்லோரும் நினைத்தார்கள்...

எட்டு மாதத்தில் தேறிவிட்டான். தாய்வீடு போயிருந்த அவன் மனைவி செல்வி, குழந்தையோடு திரும்பி வந்தாள். போன் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ந்தேனா? லேத் பட்டறையிலிருந்து வந்து, சோறுகூடப் பொங்காமல், ஒலிக்காத போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கேட்டான்.

"கூட்டாளிக்குக் கல்யாணம்ணா. மண்டபத்துக்குப் பின்னாடி எல்லாம் ஊத்திக்கினு இருப்பானுங்க. பயமா இருக்குது. நீயும் கூட வர்றியா?"

போகாதே என்றிருக்க வேண்டும். அல்லது, வருகிறேன் என்றிருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணம்! அன்று எனக்கு விடுமுறை வேறு.

"நான் எதுக்குடா? நீதான் தெளிஞ்சிட்டியே. தாராளமா போயிட்டு வா."

எவ்வளவு அன்பாகச் சொன்னேன் தெரியுமா! என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் காலை போனில் அழுதான். "குடிச்சிட்டேண்ணா..."

உடனே பேருந்து ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டுகையில் சன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் விழுவான், நான் தூக்கிவிடுவேன் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அவன் ஒரு நாளோடு நிற்கவில்லை. மூன்று மாதம் குடித்தான். வண்டியோடு பள்ளத்தில் இறங்கிக் காலை முறித்துக்கொண்டான். செல்வி மறுபடி போய்விட்டாள். நான் அவனைக் குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன். கூட்டத்தில் என்னை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். அவரவர் செய்த தவறுகளைச் சொல்லுங்கள் என்றபோது, எழுந்து நின்று, மனைவியை அடித்ததைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. கைதட்டினார்கள்!

போன வாரம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் செல்வியைப் பார்த்தேன். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்காருண்ணா?"

"இப்ப குடிக்கல. காலுதான் இன்னும் ஊன முடியல."

"எனக்கு இனிமே தெம்பு இல்லண்ணா. நீங்களாவது அவர வுட்டுடாதீங்க."

"சரிம்மா" என்றேன்.

அவளுடைய செஞ்சி பேருந்து புறப்பட இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அவள் அருகிலேயேதான் நின்றேன். ஐந்து நிமிடமும் அந்தக் கல்யாணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.