கோட்டு போட்ட தேவராஜ்

தேவராஜ் மாரடைப்பில் போய்விட்ட செய்தி, நம் போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஒருவர் மெழுகுவத்தி படத்தோடு 'ஆழ்ந்த இரங்கல்' போட்டார். நீங்கள் அத்தனை பேரும் அதையே எடுத்து ஒட்டினீர்கள். செங்கல்பட்டில் அவனோடு சேர்ந்து ஸ்டுடியோ நடத்தியவன் நான். நான் அதை ஒட்டாமல் வண்டியை எடுத்தேன்.

கருங்குழியில் அவன் தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். கோட்டும் டையுமாக யாரோ ஒருவன் உடம்பு. கழுத்துக்கு மேல், ஆதார் அட்டையிலிருந்து வெட்டி ஒட்டிய தேவராஜ் முகம். ஆயுசில் கோட்டு போடாதவன் அவன். இப்படி ஒரு பேனர் கண்ணில் பட்டாலே வண்டியை நிறுத்தித் திட்டுவான். "செத்தவன் எழுந்து வந்து கேக்கவா போறான்னு தைரியம்டா இவனுங்களுக்கு!" பேனர் அடித்தவனைக் கேட்டேன். "இது போதும் அண்ணாத்த, யாரு உத்துப் பாக்கப் போறா?" என்றான்.

இந்த 'இது போதும்' என்ற பேச்சோடுதான் தேவராஜ் கடைசிவரை மல்லுக்கு நின்றான்.

ஒருமுறை கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்றைப் படமெடுக்க மாமல்லபுரம் போனோம். கடற்கரை முழுக்க ஜோடிகள், எல்லாரும் விரல்களைக் கோத்து இதயம் காட்டிக்கொண்டு. தேவராஜ் கேமராவைத் தொடவே இல்லை. "நீங்க ரெண்டு பேரும் தெனம் எங்க பாத்துக்குவீங்க?" என்றான். சிறுசேரி கம்பெனி பஸ்ஸில் என்றாள் பெண். அவர்களிடம் கேட்டுக்கொண்டு மறுநாள் அதே பஸ்ஸில் ஏறினான். மாப்பிள்ளை தோளில் அவள் வாய் திறந்து தூங்குவதை எடுத்தான். ஆல்பத்தைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, "இன்னாபா, தூங்கிகினு கீறத புடிச்சி வச்சிகீற?" என்று தள்ளிவிட்டார். "அதுல உயிர் கீதா பாரும்மா" என்றான் இவன். அந்த அம்மா கடைசிவரை ஒப்பவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் மனைவி ஸ்டெல்லா என்னிடம், "முப்பதாம் நாள் ஜெபத்துக்காவது அவர மாதிரியே கீற படம் ஒண்ணு வேணும் அண்ணா" என்றார். ஸ்டுடியோ கம்ப்யூட்டரைக் குடைந்தேன். ஒன்றுகூட இல்லை. அவனை யார் எடுத்தாலும் "சுமார்" என்று அழித்துவிடுவான். ஊருக்கெல்லாம் படமெடுத்தவன், பெண்டாட்டிக்கு ஒன்று விட்டுவைக்கவில்லை. அவன் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. அந்தக் கோட்டுக்கு வழிவிட்டவனே அவன்தான்.

கடைசியில் அந்த பஸ் படத்தில் கிடைத்தான். அந்த ஜோடிக்குப் பக்கத்தில் ஜன்னல் கண்ணாடி. அதில் கேமராவை நெஞ்சோடு பிடித்து, நாக்கைக் கடித்தபடி தேவராஜ். ஸ்டெல்லா பார்த்ததும், "இவருதான்" என்று அழுதார்.

பெரிதாக்கி ஃப்ரேம் போடக் கொண்டுபோனேன். கடைக்காரன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முகம் மட்டும் வெட்டி ஒரு கோட்டு மாட்டிரலாமா சார்?" என்றான்.

தெருவே திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். அத்தனையும் தேவராஜின் வார்த்தைகள். அவன் எனக்கு விட்டுப்போனது அவைதான். நான் விடுவதாக இல்லை.